வரைந்த கோடும் பார்த்த கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில், சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில், நம் நாட்டில் உருவாகிவரும் ஆளில்லா ஸ்டெல்த் (ரேடாருக்கு எளிதில் அகப்படாத) விமானத்தைப் பற்றி வெளியான கட்டுரையையும், அதனுடன் அரைப்பக்க அளவில் அச்சான வண்ணப்படத்தையும், கையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். செய்தித்தாள் படிக்க ஸ்கேல் எதற்கு என்று என் மனைவியும் கேட்டார். இந்த ஊரின் விமானத் தொழிற்சாலை ஒன்றில், லாஃப்ட் பிரிவில், 32 ஆண்டுகள் வரைவாளனாக வேலை பார்த்தவன் நான். விமானப் படம் கண்ணில் பட்டால் கை தானாக ஸ்கேலைத் தேடும். அளந்து பார்த்ததில் மனத்தில் எழுந்த சில செய்திகளைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம். பணிக்காலத்தில் நான் கண்டதோ கேட்டதோ எதுவும் இதில் இல்லை. அனைத்தும் வெளியுலகம் அறிந்த செய்திகளே.

ரகசிய விமானத்தைப் பற்றி ஊகிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பழக்கம் எனக்கே உண்டு. ஆனால் அந்தப் படத்தின் கீழே ‘ராணுவத்தின் ரகசிய ஆளில்லா விமானம்’ என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அது புகைப்படமா, ஓவியரின் கற்பனையா, கணினி வரைந்ததா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. கட்டுரைக்குள்ளோ, இந்த விமானம் அமெரிக்க விமானத்தின் நகல் என்றும், எந்த ரேடாரிலும் தெரியவே தெரியாது என்றும், அதன் இறக்கை அகலம் 30 மீட்டர் என்றும் மூன்று தகவல்கள் ஒரே உறுதியோடு சொல்லப்பட்டிருந்தன. மூன்றையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில், ஒரு விமானத்தின் உருவத்தை வெளியிலிருந்து ஊகிப்பது எந்த அளவுக்கு இயலும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாஃப்ட் பிரிவு என்றால் இன்று பலருக்குத் தெரியாது. கணினி வருவதற்கு முன், விமானத்தின் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் முழு அளவில், வண்ணம் பூசிய அலுமினியத் தகடுகளின் மேல் கீறி வரைவோம். காலணியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டுத் தவழ்ந்தபடிதான் வேலை. நீண்ட, வளையக்கூடிய மெல்லிய சட்டத்தைப் புள்ளிகளின் மேல் வளைத்து வைத்து, அது நகராமல் இருக்க ஈயக்கட்டிகளை வரிசையாக வைப்போம். அந்தக் கட்டிகளுக்கு ஆங்கிலத்தில் ‘டக்’ என்று பெயர். எங்கள் பிரிவில் தமிழர்களும் கன்னடர்களும் சேர்ந்து அதை வாத்து என்றே அழைத்தோம். ஒரு வாத்து அரை மில்லிமீட்டர் விலகினால் வளைவு மேடிடும், மேடு விரலுக்குத் தெரியும், மறுநாள் தகட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். அங்கே நான் கற்றது, விமானத்தின் எந்த வளைவும் வரைபவனின் விருப்பத்தால் வருவதில்லை என்பதே. காற்றும் எடையும் எஞ்சினும், ஸ்டெல்த் விமானமானால் ரேடாரும், அந்தக் கோட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கின்றன. இழுக்கும் கைகள் எவை என்று தெரிந்தவர், கோடு எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ரேடார் எப்படி இழுக்கிறது என்பதை என் பேரனுக்கு ஒரு மின்வெட்டு நாளில் காட்டினேன். அடுக்களையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, இருட்டு அறையின் மறுகோடியில் சுவரில் சாய்த்து வைத்து, டார்ச் அடிக்கச் சொன்னேன். தட்டு நேராகப் பார்த்தபோது கண் கூசியது. பத்து பாகை சாய்த்ததும் தட்டின் பரப்பு கறுத்துப் போனது. அடித்த ஒளி கூரைக்குப் போய்விட்டது, நம்மிடம் திரும்பவில்லை. ஆனால் தட்டின் மடித்த விளிம்பில் மட்டும் ஒரு கீற்று மின்னிக்கொண்டே இருந்தது. அந்த விளிம்புக் கீற்றுதான் ஸ்டெல்த் வடிவமைப்பாளரின் தலைவலி. பரப்பைச் சாய்த்துவிடலாம், விளிம்பை ஒழிக்க முடியாது. ஆகவே விமானத்தின் எல்லா விளிம்புகளையும், இறக்கையின் முன்விளிம்பு, பின்விளிம்பு, சக்கரக் கதவின் ஓரம், காற்று புகும் வாயின் உதடு என்று எல்லாவற்றையும், இரண்டு மூன்று திசைகளுக்கு மட்டும் இணையாக வைத்துவிடுகிறார்கள். மின்னல் கீற்று அந்த இரண்டு மூன்று திசைகளில் மட்டுமே தெறிக்கும், மற்றத் திசைகளில் இருள். மேலிருந்து பார்த்தால் இத்தகைய விமானங்களின் பின்விளிம்பு ரம்பப் பல்லைப் போல இருப்பதற்கு இதுவே காரணம்.

தாங்கள் வெளியிட்ட படத்தில் ஆறு விளிம்புகளை நீட்டிக் கோடு போட்டுப் பார்த்தேன். எந்த இரண்டும் இணையாக இல்லை. சக்கரக் கதவுகள் அலமாரிக் கதவைப் போல நேராக வெட்டப்பட்டிருக்கின்றன. இது ஸ்டெல்த் விமானத்தை அறிந்தவர் வரைந்த படமல்ல என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கதவை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்லவும் முடியாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஆப்கானிஸ்தானின் கந்தஹார் விமானத் தளத்தில் 2007ஆம் ஆண்டையொட்டிக் கண்ணில் படத் தொடங்கிய ஒரு மர்ம விமானத்தை, விமான ஆர்வலர்கள் ‘கந்தஹார் மிருகம்’ என்று அழைத்தார்கள். மங்கலான சில படங்களைத் தவிர எதுவும் இல்லை. 2009 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை அதை ஆர்க்யூ-170 சென்டினல் என்றும், லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தயாரிப்பு என்றும் ஒப்புக்கொண்டது. அதன் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள், சக்கரக் கதவுகளில் ரம்பப் பல் இல்லை என்றும், முன்விளிம்பு கூர்மையாக இல்லை என்றும், எஞ்சினின் வெளியேற்று வாய் இறக்கையால் போதிய அளவு மறைக்கப்படவில்லை என்றும் கண்டு குழம்பினார்கள். பிறகு ஒரு விளக்கம் பிறந்தது. ஒற்றை எஞ்சின் விமானம் என்றாவது ஒருநாள் எதிரி நிலத்தில் விழத்தான் போகிறது, ஆகவே விழுந்தாலும் பெரிய ரகசியம் கைமாறாதபடி, மிக உயர்ந்த நுட்பங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள் என்பது அந்த ஊகம். 2011 டிசம்பரில் அத்தகைய விமானம் ஒன்று ஈரானின் கையில் சிக்கியது. உருவத்திலிருந்து உருவாக்கியவரின் மனத்தைப் படித்த ஊகங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன்.

அதே விமானத்தின் அளவை ஊகித்த கதை அவ்வளவு சிறப்பாக இல்லை. இறக்கை அகலம் 65 அடி என்றார்கள் சிலர், 90 அடி என்றார்கள் சிலர். இரண்டும் அனுபவமுள்ளவர்கள் சொன்ன எண்கள். சாய்ந்த இறக்கையுள்ள விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் அளப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு, காலண்டர் அட்டையில் ஒரு முக்கோணத்தை வெட்டி மேசைமேல் வைத்துப் பார்த்தாலே போதும். நேராகப் பார்க்கும்போது 100 மில்லிமீட்டர் இருக்கும் அகலம், 30 பாகை திருப்பினால் 87 ஆகத் தெரியும், 45 பாகை திருப்பினால் 71 ஆகத் தெரியும். 65ஐ 90ஆல் வகுத்தால் 0.72 வருகிறது. ஊகித்தவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வேறுபாடு வருவதற்கு, படம் எடுத்தவர் எந்தக் கோணத்தில் நின்றார் என்ற ஒரே ஒரு தவறான அனுமானம் போதும். ஈரான் அந்த விமானத்தைத் தொலைக்காட்சியில் காட்டியபோதும், அடிப்பகுதி தெரியாதபடி சுற்றிலும் பதாகை கட்டியிருந்தார்கள். பிடித்தவரும் மறைத்தார் என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

இனி, அளவைப் பற்றித் தங்கள் கட்டுரை சொன்ன 30 மீட்டருக்கு வருகிறேன். ஒரு விமானத்தின் படமே கிடைக்காதபோதும் அதன் அளவுக்கு ஓர் எல்லை வகுக்க வழி இருக்கிறது. அது எஞ்சின். ‘காதக்’ என்ற பெயரில் பேசப்படும் நம் ஆளில்லாத் தாக்குதல் விமானத்துக்கு, இந்த ஊரிலேயே உருவான காவேரி எஞ்சினின் பின்னெரிப்பு (வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருள் எரித்துக் கூடுதல் விசை பெறும் அமைப்பு) இல்லாத வடிவமே பொருத்தப்படும் என்று பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. பின்னெரிப்பு இல்லாதபோது அந்த எஞ்சினின் உந்துவிசை 50 கிலோநியூட்டனை ஒட்டியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கி 2012 டிசம்பர் 1 அன்று முதலில் பறக்கவிட்ட நியூரான் விமானத்தில் இருப்பது சுமார் 40 கிலோநியூட்டன் எஞ்சின், அதன் எடை சுமார் 7 டன், இறக்கை அகலம் 12.5 மீட்டர். அதே விகிதத்தில் கணக்கிட்டால் நம்முடையது 9 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு டன்னுக்கு 4 கிலோநியூட்டன் என்று சற்றுத் துணிந்து கணக்கிட்டால் 12.5 டன் வரும். பத்திரிகைகளில் அடிபடும் 13 டன் என்ற எண் இந்த மேல் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்கக் கடற்படைக்காக உருவாகி, 2013 ஜூலையில் விமானந்தாங்கிக் கப்பலில் தானாக இறங்கிக் காட்டிய எக்ஸ்-47பி சுமார் 20 டன் எடை கொண்டது. அதற்கே இறக்கை அகலம் 19 மீட்டர்தான். மெதுவாக, நெடுநேரம் வட்டமிட்டு வேவு பார்க்கும் விமானமாக இருந்தால் நீண்ட இறக்கை நியாயமானது. ஆனால் குண்டைச் சுமந்துகொண்டு விரைந்து போக வேண்டிய ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு 30 மீட்டர் என்பதை, எந்தக் கணக்கை வைத்து எழுதினார் கட்டுரையாளர்? என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தப் படியில் பிழை என்று சுட்டிக்காட்ட வாசகருக்கு என் கணக்கு வழிவிடுகிறது. கட்டுரையின் 30 மீட்டர் அதற்கு வழிவிடவில்லை.

அடுத்தது, நகல் என்ற குற்றச்சாட்டு. 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்காவில் உள்ள வான்வெளிச் சோதனைத் தளத்திலிருந்து பறந்தது ‘ஸ்விஃப்ட்’ என்று அழைக்கப்படும் சிறிய சோதனை விமானம் (காரைச் சொல்லவில்லை). இந்த ஊரின் சி.வி. ராமன் நகரில் இருக்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஏடிஇ ஆய்வகம் வடிவமைத்த, ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள அந்த விமானத்தின் படம் வெளியானதும், அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்தைச் சுருக்கிப் போட்டதுபோல இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். தங்கள் கட்டுரையும் அதையே சொல்கிறது. பி-2இன் உருவமே நார்த்ராப் நிறுவனம் 1947இல் பறக்கவிட்ட ஒய்பி-49 விமானத்தின் வழிவந்தது. இரண்டுக்கும் இறக்கை அகலம் ஒன்றே, 172 அடி. அதற்கும் முன்பாக ஜெர்மனியில் ஹார்ட்டன் சகோதரர்கள் வாலில்லாத பறக்கும் இறக்கைகளைச் செய்து பார்த்துவிட்டார்கள். வாலை நீக்கினால் ரேடாருக்குச் செங்குத்தாக நிற்கும் பரப்பு போய்விடும், உடலையும் இறக்கையையும் ஒன்றாக்கினால் இரண்டும் சேரும் மூலை போய்விடும், காற்று புகும் வாயை முதுகில் வைத்தால் தரையிலிருக்கும் ரேடாருக்கு எஞ்சினின் சுழலும் தகடுகள் தெரியாது. இந்த மூன்றையும் செய்துவிட்டு வேறு உருவத்தில் ஒரு விமானம் வரையச் சொன்னால் யாராலும் வரைய முடியாது. தஞ்சாவூரில் செய்த குடத்துக்கும் கோலாரில் செய்த குடத்துக்கும் கழுத்து ஒடுங்கியே இருக்கிறது. இடுப்பில் வைத்துத் தண்ணீர் தளும்பாமல் நடக்க வேண்டுமானால் கழுத்து ஒடுங்கித்தான் ஆக வேண்டும், அதற்காக ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று சொல்வோமா?

உண்மையில் கடினமானது மேலிருந்து தெரியும் அந்த உருவம் அல்ல. வாலில்லாத விமானம், நடைவண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றியதுபோல, இடவலமாகத் திரும்புவதில் தானாக நிலைகொள்ளாது. பி-2 விமானம் இறக்கை நுனியில் இருக்கும் இரட்டை மடல்களை மேலும் கீழுமாகப் பிளந்து, ஒரு பக்கம் மட்டும் காற்றை இழுத்துப் பிடித்துத் திரும்புகிறது. மடல் பிளந்தால் ரேடாருக்கு விருந்து, மூடினால் கட்டுப்பாடு சிரமம். இந்த இழுபறியைக் கணினி நொடிக்கு நொடி தீர்த்துக்கொண்டே பறக்க வேண்டும். நம் சோதனை விமானம் எங்கே நிற்கிறது என்பதை அறிய ரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை. 2023 டிசம்பர் 15 அன்று வெளியான அரசு அறிக்கையில், முதல் பறப்புக்குப் பின், பல்வேறு வளர்ச்சிநிலை அமைப்புகளில், இரண்டு மாதிரி விமானங்களைக் கொண்டு ஆறு சோதனைப் பறப்புகள் நடந்ததாகச் சொல்லப்பட்டது. அன்று காட்டிய பறப்பு வாலில்லா அமைப்பில் நடந்தது என்பதும், பறக்கும் இறக்கையைக் கட்டுப்படுத்தும் நுட்பம் கைவந்த நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்துவிட்டது என்பதும் அதிலேயே இருந்தன. ‘வாலில்லா அமைப்பில்’ என்ற ஒரு சொல்லை அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதிலிருந்து, முந்தைய பறப்புகளில் சிலவாவது வேறு அமைப்பில், ஏதோ ஒரு துணையோடு நடந்திருக்க வேண்டும் என்று நான் ஊகித்தேன். தரையில் ரேடாரோ விமானியோ இல்லாமல், ககன் செயற்கைக்கோள் வழிகாட்டியின் உதவியோடு தானாகத் தரையிறங்கியது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஒரு வாக்கியமாகத் தாண்டிப் போக வேண்டிய செய்தியா இது? தங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை, நகல் என்பதற்கு மூன்று பத்தி ஒதுக்கியிருக்கிறது.

படத்தில் தெரிவது அந்த நாளின் விமானம் மட்டுமே என்பதையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். சீனாவின் ‘கூர்வாள்’ விமானம் 2013 நவம்பரில் முதலில் பறந்தபோது, எஞ்சினின் வட்டமான வெளியேற்று வாய் பின்னால் அப்பட்டமாகத் தெரிந்தது. இதென்ன ஸ்டெல்த் என்று கேலி செய்தார்கள். 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் வந்த விமானத்தில் அந்த வாய் உடலுக்குள் புதைந்துவிட்டது. ரஷ்யாவின் அகோத்னிக் விமானத்திலும் இதே கதை. 2019 ஆகஸ்டில் வட்டக் குழாயோடு பறந்தது, 2021 டிசம்பரில் வெளியே வந்த அடுத்த மாதிரிக்குத் தட்டையான வாய் இருந்தது. முதலில் பறக்கட்டும், பிறகு மறைக்கலாம் என்பதுதான் பட்டறைப் புத்தி. ஒரு டன் சோதனை விமானத்தைக் காட்டி, இதுதான் நாளைய ஆயுதம், இதில் இன்னின்ன குறை என்று பட்டியலிடுவது, வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது ஜன்னல் எங்கே என்று கேட்பதைப் போன்றது.

ரேடாரில் தெரியவே தெரியாது என்ற வாக்கியம் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. தெரியவே தெரியாத விமானம் உலகில் எங்கும் இல்லை. ரேடார் எத்தனை தூரத்திலிருந்து பார்க்க முடியும் என்பது, விமானம் ரேடாருக்குக் காட்டும் பரப்பின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. பள்ளிக் கணக்குதான். ஒரு விமானத்தை 200 கிலோமீட்டரில் பார்க்கும் ரேடார் இருப்பதாகக் கொள்வோம். வடிவமைப்பாளர் அந்தப் பரப்பை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால், பார்க்கும் தூரம் நூறில் ஒரு பங்காகாது, 63 கிலோமீட்டர் ஆகும். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் 20 கிலோமீட்டருக்கு வரும். இத்தனை பாடும் எதிரியின் ரேடார் வளையங்களுக்கு நடுவே ஒரு சந்து கிடைக்கத்தான். மேலும், இது குறிப்பிட்ட அலைநீளத்துக்கும் குறிப்பிட்ட திசைக்கும் உரிய கணக்கு. மீட்டர் அளவில் நீண்ட அலைகளை அனுப்பும் ரேடார்களுக்கு விமானத்தின் நுணுக்கமான சாய்வுகள் பெரிதாகத் தெரிவதில்லை. பெரிய, வாலில்லாத உருவங்கள் விரும்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ‘குறைந்த தூரத்திலேயே தெரியும்’ என்று எழுதியிருந்தால் போதும். பரபரப்பு சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஊகம் எப்படித் தவறும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒன்று. 1986இல் அமெரிக்காவில் டெஸ்டர்ஸ் என்ற பொம்மை விமான நிறுவனம், எஃப்-19 என்ற பெயரில், ரகசிய ஸ்டெல்த் போர் விமானம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பிளாஸ்டிக் மாதிரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வழவழப்பான வளைவுகள், உள்நோக்கிச் சாய்ந்த வால்கள், பார்க்க மிக அழகு. உறுப்பினர்களே பார்க்க அனுமதியில்லாத விமானம் பொம்மைக் கடையில் கிடைக்கிறதே என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில்கூடக் கேள்வி எழுந்தது. 1988 நவம்பர் 10 அன்று அரசு உண்மையான விமானத்தின் மங்கலான ஒரு படத்தை வெளியிட்டது. அது எஃப்-117, வளைவே இல்லாமல், பட்டை தீட்டிய கல்லைப் போல முழுவதும் தட்டைப் பரப்புகளால் ஆனது. ஊகித்தவர்களுக்கு விமானவியல் தெரியாமலில்லை. வடிவமைத்தவர்களின் கணினி எவ்வளவு சிறியது என்பதுதான் தெரியவில்லை. 1970களில் வளைந்த பரப்பில் ரேடார் அலை எப்படிச் சிதறும் என்று கணக்கிடும் வலிமை இல்லை, தட்டைப் பரப்புக்கு மட்டுமே கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்குக்கு வேரான சூத்திரங்களோ, பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்ற ரஷ்ய அறிஞர் 1962இல் மாஸ்கோவில் வெளிப்படையாக அச்சிட்ட நூலில் இருந்தன. அமெரிக்க விமானப்படை அதை 1971இல் மொழிபெயர்த்து வைத்திருந்தது. உலகின் மிகப் பெரிய ரகசியங்களில் ஒன்றின் அடிப்படை, நூலக அலமாரியில் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இத்தகைய ஊகங்கள் எதிரிக்குத் துணை போகும் என்று தங்கள் கடிதப் பகுதியிலேயே ஒரு வாசகர் முன்பு கண்டித்திருந்தார். அவர் அக்கறை எனக்குப் புரிகிறது. தளத்தின் வாயிலில் நின்று எப்போது எது புறப்படுகிறது என்று படமெடுத்துப் போடுவது தவறு, அதை நான் ஏற்கிறேன். எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியில் லென்ஸோடு நின்ற ஓர் இளைஞனை நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உருவத்தைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பேசுவது வேறு. 1988 நவம்பர் 22 அன்று கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் பி-2 விமானத்தை முதன்முறையாக வெளியே கொண்டுவந்தபோது, விருந்தினரை முன்பக்கம் மட்டும் உட்காரவைத்துப் பின்விளிம்பை மறைத்தார்கள். வான்வெளியை மூட மறந்துவிட்டார்கள். ஒரு விமான வார இதழின் ஆட்கள் சிறிய செஸ்னா விமானத்தை வாடகைக்கு எடுத்து மேலே பறந்து, அந்தப் பின்விளிம்பைப் படமெடுத்து அச்சிட்டுவிட்டார்கள். பி-2 அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறந்துகொண்டிருக்கிறது. காக்கப்பட வேண்டியவை மேற்பூச்சின் கலவை, மூட்டு இடுக்குகளை அடைக்கும் முறை, காற்று புகும் குழாயின் உள்வளைவு, கட்டுப்பாட்டு மென்பொருள், தரையோடு பேசும் இணைப்பு. இவற்றில் எதையும் முருகேஷ்பாளையாவில் உட்கார்ந்து ஸ்கேல் பிடிக்கும் கிழவனால் ஊகிக்க முடியாது.

இந்தப் பேட்டையில் விண்ட் டனல் ரோடு என்றே ஒரு சாலை இருக்கிறது. காற்றுச் சுரங்கத்தில் சோதனை நடக்கும்போது அடைத்துவைத்த காற்று சீறிப் பாயும் ஓசையைக் கேட்டே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களில் பலர் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பைத்தான் வீட்டில் படிக்கிறார்கள். என் பேரனும் ஒருவன். அவன் அந்தப் படத்தைப் பார்த்து, “தாத்தா, இத நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டான். யாருமே பார்த்ததில்லை, இது ஒருவர் மனத்தில் வரைந்தது என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் அங்கே அப்படிப் போடவில்லை என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இவ்வளவு நீளமாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய படத்தை வெளியிடும்போது, அது புகைப்படமா வரைபடமா என்பதை அடிக்குறிப்பில் குறிப்பிடுங்கள். வரைபடமானால், எந்தப் பகுதி கண்டதை வைத்து வரைந்தது, எந்தப் பகுதி நிரப்பியது என்பதைச் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் அளந்து உறுதி செய்த கோட்டை முழுக்கோடாகவும், உறுதியாகாததைப் புள்ளிக்கோடாகவும் போடுவோம். பட்டறையில் முதல்நாள் வேலைக்கு வரும் பையனுக்கும் அந்த வேறுபாடு விளங்கும். தங்கள் ஓவியரும் அதே முறையைக் கையாளலாம். எண்களைத் தரும்போது அவை எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்று ஒரு வரி சேர்த்தால், என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சரிபார்க்க ஒரு வேலையும் கிடைக்கும்.

பென்சில் கோடுகளோடு அந்தப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். விமானம் நேர் கீழிருந்து பார்த்ததாக வரையப்பட்டிருந்தும், இடது இறக்கை 118 மில்லிமீட்டரும் வலது இறக்கை 114 மில்லிமீட்டரும் இருக்கின்றன. அச்சகத்தில் காகிதம் இழுபட்டதா, ஓவியத்திலேயே அப்படியா என்று தங்கள் ஓவியரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாஃப்ட் வரைவாளர்,
முருகேஷ்பாளையா, பெங்களூரு.